சைக்கிள் மோதலும் பாதசாரியும்: தாக்கு விசையின் மதிப்பீடு

சைக்கிள் ஒன்று பாதசாரி ஒருவர்மேல் மோதும்போது அவருடைய உடல் எவ்வளவு விசையைத் தாங்க நேர்கிறது என்னும் கேள்வி, பள்ளிக்கூடத்துப் பௌதிகப் பாடத்தில் வரும் இரண்டொரு சூத்திரங்களைக் கொண்டே விடுவித்துவிடக் கூடியதுபோல முதற்பார்வைக்குத் தோன்றும். ஆனால் அக்கணக்கை உண்மையாகவே முடித்துப் பார்க்க முற்படுகிறவர், ஒரே விபத்துக்கு ஆயிரத்து இருநூறு நியூட்டன் என்று ஒரு விடையும் பதின்மூவாயிரம் நியூட்டனுக்கு மேல் என்று மற்றொரு விடையும், இரண்டுமே பிழையற்ற கணித வழியில், தம்முன் வந்து நிற்பதைக் காண்பார். இவ்விரண்டு எண்களும் விபத்தின் எந்தெந்தக் கட்டத்துக்கு உரியவை, எந்தெந்த அனுமானங்களின் மேல் நிற்பவை, அவற்றுள் மனித உயிருக்கு உலை வைப்பது எது என்பவற்றை முறையாக விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விசாரணை வெறும் ஏட்டுக் கணக்கன்று. பிரிட்டனில் ஆண்டுதோறும் சாலை விபத்துக்களில் ஏறக்குறைய நானூறு பாதசாரிகள் உயிரிழக்கிறார்கள். அவர்களுள் சைக்கிள் மோதி இறந்தவர்களின் தொகை பெரும்பாலான ஆண்டுகளில் ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவதில்லை. இதைக் காட்டிச் சைக்கிளால் யாதொரு அபாயமும் இல்லையென்று ஒரு சாரார் சாதிக்கிறார்கள். துர்மரணம் ஒன்று நிகழ்ந்தவுடன், சைக்கிளும் மோட்டார் வண்டியைப் போன்ற கொலைக் கருவியே என்று மற்றொரு சாரார் முழங்குகிறார்கள். 2016 பிப்ரவரியில் லண்டன் மாநகரத்து ஓல்டு ஸ்ட்ரீட் வீதியில், முன்சக்கரத்துக்குப் பிரேக் இல்லாத பந்தயச் சைக்கிள் ஒன்று மோதித் தலையில் காயமுற்ற பெண்மணி ஒருவர் சில நாட்களில் இறந்துபோனார். மறு ஆண்டு நடந்த விசாரணையில், சைக்கிளை ஓட்டிய இளைஞர் கொலைக்குச் சமமாகாத மரணக் குற்றத்தினின்று விடுவிக்கப்பட்டு, குதிரை வண்டிகளின் காலத்தில், 1861இல், இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். வேகம், பிரேக், நிற்கும் தூரம் என்னும் பௌதிக விஷயங்களைச் சுற்றியே அவ்வழக்கின் வாதம் பெரிதும் நடந்தது என்பதை நோக்கும்போது, இக்கணக்கைச் சரிவரச் செய்ய வேண்டிய கடமை நீதிக்கும் உண்டு என்பது விளங்கும்.

ஆற்றல் கணக்கு

இரு பொருள்கள் மோதும்போது எதனை அளவிடுவது என்பதே பதினேழாம் நூற்றாண்டில் பெரும் வாதப் பொருளாக இருந்தது. 1668இல் லண்டன் ராயல் சங்கம் மோதலின் விதிகளை விளக்குமாறு வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூவரையும் கேட்டது. நிறையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தமே அளவு என்று ஒரு கட்சியும், நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவதே அளவு என்று லைப்னிட்ஸைத் தலைவராகக் கொண்ட மறு கட்சியும் பின்னர் நெடுங்காலம் வாதிட்டன. ஹாலந்து தேசத்து ஸ்கிராவெசாண்டே பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழவிட்டு, அவை பதித்த குழிகள் வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதைக் காட்டியது இவ்விவாதத்தின் புகழ்பெற்ற அத்தியாயம். இன்று நாம் இரண்டு கட்சிகளும் மெய்யென்று அறிவோம்: உந்தம் எவ்வளவு தள்ளப்படுகிறோம் என்பதைச் சொல்கிறது, ஆற்றல் எவ்வளவு சிதைகிறோம் என்பதைச் சொல்கிறது.

எழுபது கிலோ எடையுள்ளவர் பதினைந்து கிலோச் சைக்கிளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வீதம், வருவதாகக் கொள்வோம். அவருக்கும் சைக்கிளுக்கும் சேர்த்துள்ள இயக்க ஆற்றல் சுமார் 2,080 ஜூல். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,200 கிலோ மோட்டார் காரின் ஆற்றலோ சுமார் 1,17,600 ஜூல். ஐம்பத்தாறு மடங்கு என்னும் இந்த வித்தியாசத்தைச் சொல்லியே பலரும் விவாதத்தை முடித்துவிடுகிறார்கள். ஆயினும் வாகனத்தின் ஆற்றல் முழுவதும் பாதசாரியின் உடலில் இறங்குவதில்லை யாதலால், இவ்வொப்புமை சைக்கிளின் அபாயத்தை உள்ளபடி காட்டுவதாகாது.

உந்தக் கணக்கு

மோதிய இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒரே வேகத்தில் நகர்வதாக வைத்துக்கொண்டால், உந்தம் அழியாது என்னும் விதியிலிருந்து அந்தப் பொது வேகத்தைப் பெறலாம். பாதசாரியின் எடை அறுபது கிலோ என்றால், நம் சைக்கிள் மோதியபின் அவர் வினாடிக்கு 4.1 மீட்டர் வேகத்தில் தள்ளப்படுகிறார். மோதலில் சிதைவுக்கென்று செலவாகும் ஆற்றல் சுமார் 860 ஜூல். கார் மோதினால் அவர் பெறும் வேகம் வினாடிக்கு 13.3 மீட்டர், சிதைவில் செலவாவது 5,600 ஜூல். ஐம்பத்தாறு மடங்கென்று தோன்றிய வித்தியாசம் இங்கே ஆறரை மடங்காகச் சுருங்கிவிடுகிறது.

இக்கணக்கில் மற்றொரு நுட்பமும் உண்டு. காரின் எடையை இரட்டித்து 2,400 கிலோவாக்கினாலும் பாதசாரி பெறும் வேகம் 13.3இலிருந்து 13.7 ஆக மட்டுமே உயர்கிறது. மனித உடலுக்கு முன் கார் ஏற்கெனவே அளவிறந்த கனமுடையது, அதற்குமேல் கனம் கூடுவது இந்தக் கணக்கில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. சைக்கிள் அப்படிப்பட்டதன்று. ஓட்டுபவரும் சுமையும் மின்கலமும் சேர்ந்து 170 கிலோவாகும் சரக்குச் சைக்கிள் அதே வேகத்தில் மோதினால், பாதசாரி பெறும் வேகம் 4.1இலிருந்து 5.2 ஆகிவிடுகிறது. மின்சாரச் சைக்கிள்கள் பெருகிவரும் இக்காலத்தில், வேகத்தை மட்டும் சட்டத்தால் வரையறுத்துவிட்டுக் கனத்தை மறந்துவிடலாகாது என்பதற்கு இது தக்க சான்று. ஐரோப்பிய நாடுகளில் சாதாரண மின்சாரச் சைக்கிளின் மோட்டார் 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவியை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. அதிவேக வகைக்கு அவ்வரம்பு 45 கிலோமீட்டர்.

நேரமும் தூரமும்

இனி விசைக்கு வருவோம். அறுபது கிலோ மனிதர் வினாடிக்கு 4.1 மீட்டர் வேகம் பெறுவதற்கு வேண்டிய உந்த மாற்றம் 246 அலகு. அது ஐந்தில் ஒரு பங்கு வினாடியில் நிகழ்ந்தால் சராசரி விசை 1,230 நியூட்டன், அதாவது 125 கிலோ பாரத்துக்குச் சமம். பத்தில் ஒரு பங்கு வினாடியில் நிகழ்ந்தால் அதனினும் இரட்டிப்பு. இருபதில் ஒரு பங்கு வினாடியில் நிகழ்ந்தால் நாலு மடங்கு. ஆகவே கேள்வி முழுவதும் 'எவ்வளவு நேரத்தில்' என்பதில் வந்து அடங்குகிறது. நேரத்தைப் பற்றிய அனுமானத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு: மோதல் பத்தில் ஒரு பங்கு வினாடி நீடித்தது என்பவர், அந்நேரத்தில் இரு உடல்களும் ஒன்றையொன்று நோக்கிச் சுமார் 35 சென்டிமீட்டர் நெருங்கி நசுங்கின என்றும் ஒப்புக்கொண்டவராகிறார். மடங்கும் முழங்கை, வளையும் இடுப்பு, கைப்பிடிக்குமேல் முன்னால் சரியும் ஓட்டுநரின் மார்பு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் அது நம்பத்தக்கதே. நூறில் ஒரு பங்கு வினாடி என்று சொல்லி விசையைப் பெருக்கிக் காட்டுபவரோ, மூன்றரைச் சென்டிமீட்டருக்குள் எல்லாம் நின்றுபோனதென்று நிரூபிக்கக் கடமைப்பட்டவர்.

நிற்கும் தூரத்தின் மகிமையை முதலில் உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களுள் அமெரிக்கரான ஹியூ டி ஹேவன் முக்கியமானவர். ஐம்பது முதல் நூற்றைம்பது அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களின் நிகழ்ச்சிகளை 1942இல் ஆராய்ந்து, மென்மண்ணோ தகரக் கூரையோ சில அங்குலம் இடங்கொடுத்ததே அவர்களைக் காத்தது என்று அவர் நிறுவினார். விசை என்பது மோதும் பொருளின் குணம் மட்டுமன்று, இடங்கொடுக்கும் பொருளின் குணமும் அதிற் சரிபாதி என்னும் இவ்வுண்மை நம் விஷயத்தில் பின்னால் பெரிதும் பயன்படும்.

எங்கே படுகிறது?

மேலே சொன்ன கணக்கு சைக்கிளையும் ஓட்டுபவரையும் ஒரே கட்டியாகப் பாவித்தது. உண்மையில் அவர்கள் இரண்டு கைப்பிடிகளாலும் ஓர் ஆசனத்தாலும் தளர்வாகச் சேர்க்கப்பட்ட இரண்டு பொருள்கள். முதலில் முன்சக்கரத்தின் டயர் முழங்காலுக்குக் கீழே காலைத் தொடுகிறது. காற்றடைத்த டயர் நசுங்கி, காலை ஒதுக்குகிறது அல்லது இரு கால்களுக்கிடையே புகுந்துவிடுகிறது. கண நேரத்துக்குப் பிறகு தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலுள்ள கைப்பிடி இடுப்பிலோ வயிற்றிலோ முன்கையிலோ படுகிறது. அதற்குப் பின்னரே, இன்னும் வேகம் குறையாமல் முன்னே வந்துகொண்டிருக்கும் ஓட்டுபவரின் தோளும் தலையும் பாதசாரியின் மார்பையும் முகத்தையும் சந்திக்கின்றன. பதினைந்து கிலோச் சைக்கிள் தனியே மோதியிருந்தால் பாதசாரி பெறும் வேகம் வினாடிக்கு 1.4 மீட்டர்தான், மீதித் தள்ளலைச் செய்வது ஓட்டுபவரின் உடல். அவ்வுடல் மென்மையானதாகையால் தள்ளுவது அதிகம், கிழிப்பது குறைவு. கைப்பிடியின் முனையோ மூன்று சென்டிமீட்டர் விட்டமே உள்ளதாகையால் தள்ளுவது குறைவு, ஊறு செய்வது அதிகம். அம்முனை வயிற்றிற் குத்திக் கல்லீரலையும் மண்ணீரலையும் காயப்படுத்துவதை, சைக்கிளிலிருந்து விழுந்த குழந்தைகளிடம் மருத்துவர்கள் பன்முறை கண்டிருக்கிறார்கள்.

தாக்கும் உயரமும் கவனிக்கத் தக்கது. காரின் முன்தடுப்பு முழங்காலையொட்டிப் படுவதால், பாதசாரியின் கால்கள் வாரப்பட்டு, உடல் எஞ்சின் மூடியின்மேல் சாய்ந்து, தலை பெரும்பாலும் முன்கண்ணாடியை அடைகிறது. சைக்கிளின் கைப்பிடியும் ஓட்டுபவரின் மார்புமோ உடலின் ஈர்ப்பு மையத்தை ஒட்டியும் அதற்கு மேலும் படுகின்றன. பாதங்கள் தரையின் உராய்வால் பின்தங்க, மேலுடல் முன்னோ பின்னோ தள்ளப்பட்டு, பாதசாரி நேரே தரையில் சாய்கிறார். ஏந்திக்கொள்ள எஞ்சின் மூடியில்லை. கீழே தரையைத் தவிர வேறொன்றுமில்லை.

வீழ்ச்சியின் கணக்கு

இங்கேதான் விசாரணை தன் மையத்தை அடைகிறது. 1.65 மீட்டர் உயரமுள்ள மனிதர் கையூன்றாமலும் முழங்காலை மடக்காமலும், அடியோடு வெட்டப்பட்ட மரம்போலச் சாய்வாரானால், அவருடைய உச்சந்தலை தரையை அடையும் வேகம் வினாடிக்கு 7 மீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டர். உடல் தளர்ந்து தலை தன்னளவில் விழுந்தாலும் அவ்வேகம் வினாடிக்கு ஐந்தரை மீட்டருக்குக் குறைவதில்லை. இந்த வேகத்தைத் தந்தது சைக்கிள் அன்று, பூமியின் ஈர்ப்பு. மெதுவாக வந்த சைக்கிள் தள்ளினாலும், வழுக்கி விழுந்தாலும், தலை தரையை அடையும் வேகம் அதுவே.

தலையின் எடை நாலரைக் கிலோ. மேற்சொன்ன குறைந்த வேகத்திலேயே அது தார்ச்சாலையில் பட்டு, தோலும் மயிரும் மண்டையோட்டின் சிறிய வளைவுமாக ஒரு சென்டிமீட்டர் இடங்கொடுத்து நின்றால், சராசரி விசை 6,800 நியூட்டன். அரைச் சென்டிமீட்டர் மட்டுமே இடங்கொடுத்தால் 13,600. முன்நெற்றி எலும்பு நாலாயிரம் நியூட்டன் அளவிலேயே முறியத் தொடங்கலாம் என்றும், காதுக்கு மேலுள்ள பக்க எலும்பு அதனினும் பலவீனமானது என்றும் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆரம்பத்திற் சொன்ன இரண்டு எண்களின் மர்மம் இதுவே: சிறிய எண் சைக்கிளின் தள்ளலுக்கு உரியது, பெரிய எண் தரையின் தாக்குதலுக்கு உரியது.

மூளைக் காயத்தின் அளவுகோல்

விசையைக் கண்டறிந்த பிறகும், அதனால் மூளைக்கு என்ன நேரும் என்பது தனிக் கேள்வி. டெட்ராய்ட் நகரத்து வேய்ன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் குர்ஜியனும் லிஸ்னரும், பிரேதங்களின் நெற்றியைக் கடினமான தட்டைப் பரப்புகளில் மோதவிட்டுப் பெற்ற அளவைகளிலிருந்து, மிகக் குறுகிய நேரமே நீடிக்கும் தாக்குதலாயின் தலை பெரிய எதிர்முடுக்கத்தையும் தாங்கும், நேரம் நீள நீளத் தாங்கும் அளவு குறையும் என்னும் வளைகோட்டை 1960ஐ ஒட்டி வகுத்தார்கள். அதிலிருந்து 1966இல் காட் என்பவர் ஒரு குறியீட்டை அமைத்தார். அது திருத்தப்பட்டு 1970களில் அமெரிக்க அரசின் கார்ப் பாதுகாப்பு விதிகளில் 'தலைக்காயக் குறியெண்' ஆகப் புகுந்தது. ஆயிரம் என்னும் எண் அதன் நெடுங்கால எல்லை. சிறுவர் விளையாட்டுத் திடலின் தரை எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்பதையும் ஐரோப்பியத் தரவிதிகள் இதே எண்ணைக் கொண்டே நிர்ணயிக்கின்றன.

நம் உதாரணத்தில் தலை ஒரு சென்டிமீட்டரில் நின்றால் குறியெண் சுமார் 1,070. அரைச் சென்டிமீட்டரானால் 3,000க்கு மேல். இரண்டரைச் சென்டிமீட்டர் கிடைத்தால் வெறும் 270. அவ்விரண்டரைச் சென்டிமீட்டர் ஏறக்குறைய ஹெல்மெட்டின் உள்நுரையின் தடிமனாகும். ஐரோப்பியத் தரவிதிப்படி சைக்கிள் ஹெல்மெட்டைச் சோதிக்கும்போது தட்டையான பட்டறையில் மோதவிடும் வேகமும் வினாடிக்கு 5.42 மீட்டரே. ஆனால் நடந்து செல்பவர் யாரும் ஹெல்மெட் அணிவதில்லை.

இக்குறியெண்ணுக்கும் குறைபாடுகள் உண்டு. தலையின் நேர்கோட்டு இயக்கத்தை மட்டுமே அது கணக்கிலெடுக்கிறது. ஆக்ஸ்போர்டில் ஹோல்போர்ன் 1943இலேயே, மண்டையோட்டு வடிவத்தில் வார்த்த ஜெலட்டினைச் சுழற்றிக் காட்டி, மூளையைச் சிதைப்பது பெரும்பாலும் சுழற்சியே என்று வாதித்தார். மேலும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்ணும் முதியவரிடம், எலும்பு முறியாமலே உள்ளிரத்தக்கசிவு உயிரைப் போக்கக்கூடும். ஆகவே அது மரணத்துக்கும் பிழைப்புக்கும் இடையே கிழித்த கோடன்று. அபாயத்தின் படிகளைக் காட்டும் அளவுகோல் மட்டுமே.

விளைவிலிருந்து வேகத்துக்கு

விபத்துக்குப் பின்னர் வரும் நிபுணர் இதே கணக்கைப் பின்னோக்கிச் செய்கிறார். பாதசாரி எறியப்பட்டும் உருண்டும் சென்ற தூரத்திலிருந்து வேகத்தைப் பெறும் சூத்திரங்களை 1983இல் சேர்ல் என்பவர் விரித்துரைத்தார். மூன்று மீட்டர் உருண்டவர் வினாடிக்குச் சுமார் ஆறு மீட்டர் வேகம் பெற்றிருக்கலாம் என்று அவ்வழியிற் கணிக்கலாம். ஆனால் சைக்கிள் மோதலில் அத்தூரம் சிறிதாகையால் ஒரு காலடி பிசகினாலும் விடை மாறிவிடும். கண்காணிப்புக் காமிராவின் காட்சியில் வினாடிக்கு 25 படங்கள் இருந்தால், நம் சைக்கிள் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 28 சென்டிமீட்டர் நகரும். படங்களை எண்ணி வேகம் காண்பது உருண்ட தூரத்தை நம்புவதைவிடச் சிறந்தது. பிரேதப் பரிசோதனையும் ஒரு சாட்சி: பிடரியில் அடிபட்டவரின் மூளையில் அதற்கு எதிர்ப்புறமான முன்பாகம் கன்றியிருந்தால், அசைவற்றிருந்த தலையை ஏதோவொன்று தாக்கியதைவிட, நகர்ந்துகொண்டிருந்த தலை தரையில் மோதியிருப்பதற்கே சான்று அதிகம்.

பெறப்படும் முடிவு

இவ்வளவையும் தொகுத்து நோக்கினால், 'சைக்கிள் மோதலின் விசை எவ்வளவு' என்னும் கேள்விக்கு ஒற்றை எண்ணை விடையாகத் தருவது சாஸ்திர முறையாகாது என்பதும், பாதசாரி நிலைகுலைந்து விழுந்தாரா இல்லையா என்பதே உயிருக்கும் மரணத்துக்குமான முதற் கேள்வி என்பதும் தெளிவாகின்றன. இதனால் ஓட்டுபவரின் பொறுப்பு குறைந்துவிடுவதாக எவரும் கருதலாகாது. விழச் செய்தவரே தரையின் அடிக்கும் காரணர். மாறாக, அப்பொறுப்பை எங்கே செலுத்த வேண்டும் என்பது இப்போது துல்லியமாகிறது.

பிரேக்கின் கணக்கை எடுத்துக்கொள்வோம். முன்பிரேக்கை நன்கு பிடித்தால், சைக்கிள் தலைகுப்புறக் கவிழாமல், வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தைக் குறைக்கலாம். பின்சக்கரத்தை மட்டும் நம்பியவர் அதிற் பாதியையே பெறுவார். நம் சைக்கிள்காரர் பாதசாரிக்கு நாலு மீட்டர் முன்பு பிரேக் பிடிக்கத் தொடங்கினால், முன்பிரேக் உள்ளவர் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதுவார், இல்லாதவர் 5.4 மீட்டர் வேகத்தில் மோதுவார். முன்னவரால் பாதசாரி பெறும் வேகம் 1.8 மீட்டர், விரைந்த நடையின் வேகம். திடகாத்திரமானவர் ஓரடி எடுத்துவைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். பின்னவரால் பெறும் வேகம் 3.2 மீட்டர், அதைக் கால்களால் சமாளிப்பது அரிது. சைக்கிளுக்கு இரண்டு பிரேக் வேண்டும் என்னும் பிரிட்டிஷ் விதி அற்பமான சம்பிரதாயம் அன்று என்பதை இந்த இரண்டு எண்களே நிலைநாட்டும்.

நடப்பவரும் சைக்கிளில் செல்பவரும் ஒரே பாதையைப் பகிரும் இடங்களிலும் இவ்வுண்மையே வழிகாட்ட வேண்டும். அங்கே வேக வரம்பை நிர்ணயிப்பவர்கள், எலும்பு எந்த விசையில் முறியும் என்று கேட்பதை விட்டு, தள்ளப்பட்ட முதியவர் எந்த வேகத்தில் நிலைதடுமாறாமல் நிற்பார் என்று கேட்க வேண்டும். இரு சாராரையும் பிரித்துவைக்க இடமுள்ள வீதிகளில் பிரித்துவைக்க வேண்டும். சரக்குச் சைக்கிள்களின் கனத்துக்கும் எல்லை வகுக்க வேண்டும். விபத்து அறிக்கை எழுதும் போலீஸாரும் மருத்துவரும், வாகனம் எது, வேகம் என்ன என்பவற்றோடு நின்றுவிடாமல், பாதசாரி விழுந்தாரா, தலையின் எப்பாகம் தரையில் பட்டது, அத்தரை கல்லா தாரா புல்லா என்பவற்றையும் பதிந்து வைப்பார்களேயானால், இன்று அனுமானத்தால் நிரப்பப்படும் இடங்கள் நாளை அளவைகளால் நிரப்பப்படும். அப்போதுதான் வழக்கு மன்றத்திற் கூறப்படும் எண்ணும் வீதியில் நடந்த உண்மையும் ஒன்றுபடும்.